ஜப்பானிய மூளைக்காய்ச்சல்: வைரஸ் தொடங்கி வைப்பதும் நோயெதிர்ப்பு செய்து முடிப்பதும்

ஜப்பானிய மூளைக்காய்ச்சலோடு ஒரு குழந்தை நினைவு தப்பி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, அதன் இரத்தத்தில் பெரும்பாலும் வைரஸ் இருப்பதில்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தாலும் வைரஸ் அரிதாகவே சிக்கும். கிடைப்பது தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் எதிர்ப்பொருள், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள், செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பும் புரதங்களான பலவகை சைட்டோகைன்கள். அதாவது, வைரஸைத் துரத்த உடல் அனுப்பிய படையின் தடயங்கள். குழந்தையின் நிலையோ அடுத்த சில நாட்களில் இன்னும் மோசமாகலாம். வைரஸ் மட்டுமே நரம்புசெல்களைக் கொல்கிறது என்றால் இதை விளக்க முடியாது.

நோயெதிர்ப்புதான் முழுக் குற்றவாளி என்று சொல்லிவிடவும் முடியாது. மிக விரைவில் இறந்துபோன நோயாளிகள் சிலரின் மூளையில், அதன் நடுப்பகுதியான தாலமஸிலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்புசெல்களுக்குள் வைரஸ் புரதம் நிறைந்திருந்தது. அழற்சியின் அடையாளம் மிகக் குறைவாகவே இருந்தது. முதுகுத்தண்டு நீரில் வைரஸை வளர்த்தெடுக்க முடிந்த நோயாளிகளும், அந்த நீரில் ஐஜிஎம் குறைவாக இருந்த நோயாளிகளும் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் நெடுநாளாகத் தெரிந்ததே. ஆக, படை வராவிட்டாலும் அழிவு, வந்தபின் கட்டுக்குள் நிற்காவிட்டாலும் அழிவு. எந்தச் சமிக்ஞை, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதே ஒரு நரம்புசெல்லின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. இதுவரை நடந்த மருந்துச் சோதனைகள் ஏன் தோற்றன என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

இந்த நோய் நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூரில். நெல்வயலில் தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் கொசுதான் முக்கியக் கடத்தி. பன்றிகளிலும் கொக்கு, நாரை இனப் பறவைகளிலும் வைரஸ் பெருகுகிறது. மனிதர் இரத்தத்தில் அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு அது பெருகுவதில்லை. தொற்றுக்கு ஆளாவோரில் சுமார் 250 பேருக்கு ஒருவரிடம்தான் கடும் நோய் தோன்றுகிறது. அப்படித் தோன்றினால் இறப்பு விகிதம் 30 விழுக்காடு வரை போகலாம். பிழைத்தவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குக் கை கால் முடக்கம், விறைப்பு, வலிப்பு, பேச்சுக் குறை, நடத்தை மாற்றம் என ஏதோ ஒன்று தங்கிவிடுகிறது.

முதல் எச்சரிக்கை

கொசு கடித்த இடத்திலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் பெருகும் வைரஸ், இரத்தத்தில் சிறிதுகாலம் சுற்றிவிட்டு மூளைக்குள் நுழைகிறது. அங்கே அதன் முதன்மை இலக்கு நரம்புசெல்தான். தன் மரபுப் பொருளான ஆர்என்ஏவைப் படியெடுக்கும்போது வைரஸால் இரட்டை இழை ஆர்என்ஏ உருவாவதைத் தவிர்க்க முடியாது. செல்லின் உள்ளறைகளில் காத்திருக்கும் டிஎல்ஆர்3, செல் திரவத்தில் இருக்கும் ரிக்-ஐ ஆகிய உணரிகள் இதைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஐஆர்எஃப்3 என்ற புரதம் வழியாகப் போகும் பாதை வைரஸ் வந்திருப்பதைப் பக்கத்துச் செல்களுக்கு அறிவிக்கும் புரதங்களான முதல்வகை இன்டர்ஃபெரான்களை உற்பத்தி செய்கிறது. என்எஃப்-கப்பா-பி வழியாகப் போகும் பாதை டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1 போன்ற அழற்சிச் சைட்டோகைன்களைக் கொண்டுவருகிறது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதன் விளைவுகள்.

இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்லின் ஏற்பியில் (சமிக்ஞையை வாங்கும் புரதத்தில்) அமர்ந்ததும், டிஒய்கே2, ஜேக்1 நொதிகள் ஸ்டாட்1, ஸ்டாட்2 புரதங்களைத் தூண்டுகின்றன. அதன் விளைவாக, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் என்எஸ்5 புரதம் சரியாக இந்தச் சங்கிலியில்தான் கை வைக்கிறது: டிஒய்கே2வும் ஸ்டாட்1உம் செயல்படுவதைத் தடுத்துவிடுகிறது. எனவே தொற்றிய செல் இன்டர்ஃபெரானைப் பெற்றாலும் அதற்குச் செவிசாய்க்க முடியாமல் போகிறது.

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் தயாராக இருப்பதும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வெஸ்ட் நைல் உள்ளிட்ட வைரஸ்களை வைத்து எலி நரம்புசெல்களில் செய்த ஆய்வில், சிறுமூளையின் மணிச்செல்களில் இன்டர்ஃபெரான் சார்ந்த மரபணுக்கள் சாதாரண நிலையிலேயே அதிகமாக இயங்குவது தெரிந்தது. பெருமூளைப் புறணியின் நரம்புசெல்களில் அந்தத் தயார்நிலை குறைவு. சில பகுதிகள் தப்புவதற்கும் சில பகுதிகள் சிதைவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இந்த முதல் எச்சரிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை வேறொரு வைரஸான ஹெர்பிஸால் மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகள் காட்டினார்கள். டிஎல்ஆர்3 மரபணுவிலோ அதற்குத் துணைநிற்கும் யுஎன்சி93பி மரபணுவிலோ பிறவிக் குறை உள்ள குழந்தைகள் சிலர், மற்றத் தொற்றுகளையெல்லாம் சாதாரணமாகச் சமாளித்தார்கள். ஹெர்பிஸ் வைரஸ் மூளையை எட்டியபோது மட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. ஒரே ஒரு உணரியின் குறை மூளையை மட்டும் காவலற்றதாக்கிவிடுகிறது.

மைக்ரோகிளியாவின் இரண்டு முகம்

மைக்ரோகிளியா மூளைக்கே உரிய நோயெதிர்ப்பு செல்கள்; மூளைச் செல்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு. நரம்புசெல்லில் வைரஸ் பெருகத் தொடங்கியதும் இவை உருமாறி டிஎன்எஃப், ஐஎல்-1பீட்டா, ஐஎல்-6, நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றைக் கொட்டத் தொடங்குகின்றன. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் அனிர்பன் பாசு குழு இதை நேரடியாகச் சோதித்தது. வைரஸ் தாக்கிய மைக்ரோகிளியா வளர்ந்த ஊடகத்தை எடுத்து நரம்புசெல்களின் மேல் விட்டபோது அவை மடிந்தன. டிஎன்எஃப் ஏற்பி-1 வழியாக டிராட் என்ற இணைப்புப் புரதம் இயங்கி, நரம்புசெல்லைத் தற்கொலைப் பாதைக்குத் தள்ளுவதையும் அதே குழு காட்டியது. வைரஸ் தொடாத நரம்புசெல்கூட இப்படிச் சாகலாம். பக்கத்தில் இருந்தது மட்டுமே அதன் குற்றம்.

சாவதற்கு இன்னொரு வழியும் உண்டு: குளூட்டமேட். இது நரம்புசெல்கள் தமக்குள் தகவல் கடத்தப் பயன்படுத்தும் பொருள். வேலை முடிந்ததும் நரம்புசெல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற செல்கள் அதை உறிஞ்சி அகற்றிவிடும். அழற்சியின்போது இந்த உறிஞ்சல் குறைகிறது. தூண்டப்பட்ட மைக்ரோகிளியாவும் குளூட்டமேட்டை வெளியிடுகின்றன. கூடவே டிஎன்எஃப், நரம்புசெல்லின் மேற்பரப்பில் ஏஎம்பிஏ வகைக் குளூட்டமேட் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. முடிவில் கால்சியம் அளவின்றி உள்ளே பாய்ந்து செல் அழிகிறது. எலியின் தண்டுவட நரம்புசெல்களைத் தாக்கும் சிண்ட்பிஸ் வைரஸ் தொற்றில் ஏஎம்பிஏ ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது, வைரஸின் அளவு குறையாமலேயே நரம்புசெல்கள் காப்பாற்றப்பட்டன. வைரஸ் இருப்பது வேறு, செல் சாவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அப்படியானால் மைக்ரோகிளியாவையே அகற்றிவிட்டால்? மைக்ரோகிளியா உயிர்வாழத் தேவையான சிஎஸ்எஃப்1 ஏற்பியை அடைக்கும் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, எலிகளின் மூளையில் மைக்ரோகிளியாவைப் பெருமளவு ஒழித்துப் பார்த்தார்கள். பின் வெஸ்ட் நைல் வைரஸைத் தொற்றவைத்தபோது மூளையில் வைரஸ் மேலும் பெருகியது. எலிகள் அதிகம் இறந்தன. இரத்தத்திலிருந்து உள்ளே வந்த டி செல்களுக்கு (ஒருவகை லிம்போசைட்டுகளுக்கு) எதிரியைக் காட்டிக்கொடுத்து மறுபடி ஊக்குவிக்கும் வேலையையும் இந்தச் செல்கள்தாம் செய்கின்றன.

ஆகவே செல்லை ஒழிப்பது வழியல்ல. அதன் ஒரு சமிக்ஞையை மட்டும் அடக்க முடியுமா என்பதே பயனுள்ள கேள்வி. இங்கே தைவானில் நடந்த க்ளெக்5ஏ ஆய்வுகள் மிக முக்கியமானவை. மைக்ரோகிளியா, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற செல்களின் மேலுள்ள இந்த ஏற்பி வைரஸ் துகளோடு ஒட்டி அழற்சிப் பாதையைத் தூண்டுகிறது. டெங்கு வைரஸை வைத்துச் செய்த சோதனையில், க்ளெக்5ஏவை எதிர்ப்பொருளால் அடைத்தபோது டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சைட்டோகைன்கள் குறைந்தன, இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா குறையவில்லை. முன்பு சொன்ன இரண்டு பாதைகளையும் தனித்தனியாகக் கையாள முடியும் என்பதே இதன் பொருள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தொற்றிய எலிகளுக்கு அதே உத்தியைக் கையாண்டபோது மூளை அழற்சி தணிந்தது, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான அரண், அதாவது இரத்த–மூளைத் தடுப்பு, காக்கப்பட்டது, இறப்பும் குறைந்தது.

தடுப்பு எப்போது உடைகிறது

மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, இரத்தத்திலிருந்து மூளைக்குள் எது போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. இந்தத் தடுப்பை உடைத்துக்கொண்டு வைரஸ் உள்ளே நுழைகிறது என்ற எண்ணம் பரவலானது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எலிகளில் நாள்வாரியாகப் பார்த்த ஆய்வொன்று வரிசை வேறாக இருப்பதைக் காட்டியது. முதலில் மூளைக்குள் வைரஸ், அடுத்து சைட்டோகைன்களும், நோயெதிர்ப்பு செல்களை ஈர்த்து வரவழைக்கும் கீமோகைன்களும், அதன் பிறகுதான் தடுப்பு உடைகிறது. குழாய்ச் சுவர் செல்களில் வைரஸை மட்டும் விட்டபோது பிணைப்புகள் அறுபடவில்லை. நோயுற்ற எலியின் மூளைச் சாற்றை விட்டபோது அறுபட்டன. இன்டர்ஃபெரான்-காமாவை நடுநிலையாக்கியபோது கசிவு குறைந்தது. தடுப்பை உடைக்கும் ஆணை உள்ளிருந்தே வருகிறது.

உடைந்தால் நீர் கசிந்து மூளை வீங்குகிறது, மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது, மூளைத்தண்டு நசுங்குகிறது. ஆனால் இதே காலகட்டத்தில்தான் வைரஸை ஒழிக்கும் செல்களும் எதிர்ப்பொருளும் உள்ளே வந்தாக வேண்டும். சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைனை எடுத்துக்கொள்வோம். வெஸ்ட் நைல் தொற்றில் அது இல்லாத எலிகளின் மூளைக்கு, தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 வகை டி செல்கள் குறைவாகவே வந்தன; வைரஸ் பெருகியது; இறப்பு கூடியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலிலோ அதே சிஎக்ஸ்சிஎல்10, டிஎன்எஃப் உற்பத்தியைத் தூண்டி இரத்த–மூளைத் தடுப்பைச் சிதைக்கவும் உதவுகிறது. நல்லது எது, கெட்டது எது என்று மூலக்கூறுகளைப் பட்டியலிட முயல்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

மனிதர்களிடமும் சான்று உண்டு. சிசிஆர்5 என்ற கீமோகைன் ஏற்பியின் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு எச்ஐவி எளிதில் தொற்றுவதில்லை. ஆனால் வெஸ்ட் நைல் தொற்றில் இவர்களுக்கே நோய் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். செல்கள் வந்துசேரும் வழியில் ஒரு ஏற்பி குறைந்ததன் விலை அது. நோயெதிர்ப்பு செல்கள் மூளையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய்க்கான நாட்டாலிசுமாப் மருந்து இதையே செயற்கையாகச் செய்தது. டி செல்கள் மூளைக்குள் நுழையாமல், அவை குழாய்ச் சுவரில் ஒட்ட உதவும் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் புரதத்தை அடைக்கும் இந்த மருந்து, 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005 தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. சில நோயாளிகளின் மூளையில் உறங்கிக்கிடந்த ஜேசி வைரஸ் எழுந்து, நரம்பிழைகள் ஓடும் பகுதியான வெண்பொருளை அரித்திருந்தது. 2006இல் கட்டுப்பாடுகளோடு மருந்து மீண்டும் வந்தது. அந்த நோயாளிகளிடம் மருந்தை நிறுத்தி, இரத்த பிளாஸ்மாவை மாற்றி, டி செல்களுக்கு வழிவிட்டபோது இன்னொரு சிக்கல்: சில வாரங்களில் செல்கள் வெள்ளமாக உள்ளே புகுந்து, வீக்கத்தால் நிலைமையை மோசமாக்கின. வராததும் கேடு, ஒரேயடியாக வந்ததும் கேடு.

டி செல்களே கொல்ல முடியும் என்பதற்கு எல்சிஎம்வி என்ற வைரஸ் பழைய சான்று. வளர்ந்த எலியின் மூளைக்குள் இதைச் செலுத்தினால் ஒரு வாரம் போல வலிப்பு கண்டு இறந்துவிடும். டி செல் இல்லாத எலி இறக்காது. வைரஸைச் சுமந்தபடியே வாழும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் பயனில்லை. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் டி செல்களை ஆராய்ந்தபோது, ஒரே நேரத்தில் பல சைட்டோகைன்களைச் சுரக்கவல்ல சிடி4 வகை டி செல்கள் இருந்ததே முழுமையாகக் குணமடைவதோடு தொடர்பு கொண்டிருந்தது.

சோதனைகள் ஏன் தோற்றன

தாய்லாந்தில் 65 நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சோதிக்கப்பட்டது. முதலில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், பின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 0.2 மில்லிகிராம், ஐந்து நாட்கள். 1992இல் வெளியான முடிவு: பயனில்லை. வியட்நாமில் 112 குழந்தைகளிடம் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ, உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கோடி அலகு வீதம் தினமும் ஏழு நாட்கள். 2003இல் வந்த முடிவு: பயனில்லை. உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகளுக்கு வாய்வழியாக ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. அதுவும் பயனில்லை.

ஒன்று நோயெதிர்ப்பை அடக்குவது, ஒன்று ஊட்டுவது, ஒன்று வைரஸைத் தாக்குவது. மூன்றும் தோற்றதற்கு மருந்தை மட்டும் குறைசொல்வது சரியல்ல. ஸ்டீராய்டு இரண்டு பாதைகளையும் சேர்த்தே அடைக்கிறது. வைரஸ் இன்னும் நரம்புசெல்லில் இருந்தால் அது காவலையும் குறைக்கும். இன்டர்ஃபெரானோ, நோயாளி மயங்கிய நிலையில் வரும்போது ஏற்கெனவே மூளையில் ஏறியிருக்கிறது. முதுகுத்தண்டு நீரில் அதன் அளவு அதிகமாக இருந்தவர்களே இறந்தவர்களில் அதிகம் என்பது 1980களிலேயே பதிவானது. செவிசாய்க்க முடியாத செல்லுக்கு மேலும் மேலும் கூவுவதால் என்ன பயன்? வைரஸ் எதிர்ப்பு மருந்து வரும் வேளையில் வைரஸின் உச்சம் கடந்திருக்கும். மைக்ரோகிளியாவை அடக்கும் மினோசைக்ளின் எலிகளில் நன்றாக வேலை செய்தது. லக்னோவில் நோயாளிகளிடம் சோதித்தபோது மொத்தத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அனுமதிக்கப்பட்ட முதல் நாளைத் தாண்டியவர்களிடம் மட்டும் பலன் இருக்கலாம் என்ற குறிப்பு கிடைத்தது. முதல் நாளிலேயே இறப்பவர்களை அழற்சி மருந்தால் காக்க முடியாது என்பதைச் சோதனையை வடிவமைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனவே இன்று படுக்கையருகே செய்யக்கூடியது, சமிக்ஞைகள் ஏற்படுத்தும் விளைவுகளைத் தாங்கிப் பிடிப்பதே. வலிப்பைக் கூர்ந்து தேட வேண்டும்: கண்ணிமைத் துடிப்பு, ஒரு விரலின் அசைவு, வாயோரத்தின் இழுப்பு மட்டுமே தெரிந்தபடி மூளையில் தொடர்வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அது குளூட்டமேட் நச்சைப் பெருக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது, உப்புச்சத்தும் சர்க்கரையும் இறங்காமல் காப்பது, ஆக்சிஜன் குறையவிடாதது ஆகியவை எளிய காரியங்கள். தவறினால் பிழைத்திருக்க வேண்டிய செல்கள் சாகும். ஐஜிஎம் சோதனை நோயின் முதல் சில நாட்களில் பொய்யாக இல்லையென்று காட்டலாம். ஏழாம் நாள் அளவில் ஏறக்குறைய எல்லோரிடமும் தெரியும். அதனால் முதல் முடிவோடு நின்றுவிடாமல் மறுபடி சோதிக்க வேண்டும். ஹெர்பிஸ் இல்லையென்று உறுதியாகும்வரை, அதற்கான மருந்தான அசைக்ளோவிர் தரவேண்டும். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிரை வழியாக. ஹெர்பிஸில் மருந்து உண்மையாகவே உயிர் காக்கிறது.

வைரஸ் போன பிறகு

காய்ச்சல் தணிந்து நினைவு திரும்பிய குழந்தை பள்ளிக்குப் போய்ப் பாடம் மனதில் நிற்காமல் தவிப்பது ஏன் என்பதற்கு, செல்கள் செத்துப்போனது மட்டுமே காரணமல்ல. வெஸ்ட் நைல் தொற்றிலிருந்து மீண்ட எலிகளின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியில், நரம்புசெல்கள் இருந்தன. அவற்றுக்கிடையிலான சினாப்ஸ் இணைப்புகள் குறைந்திருந்தன. 2016இல் வெளியான இந்த ஆய்வின்படி, அழிக்க வேண்டியதை அடையாளமிடும் நோயெதிர்ப்புப் புரதங்களான காம்ப்ளிமென்ட் புரதங்கள் சினாப்ஸ்களுக்குக் குறி வைக்கின்றன. மைக்ரோகிளியா அவற்றை விழுங்குகின்றன. அவற்றில் ஒன்றான சி3 புரதமோ சி3ஏ ஏற்பியோ இல்லாத எலிகளில் இந்த இழப்பு நிகழவில்லை. வளரும் மூளையில் தேவையற்ற இணைப்புகளைக் கத்தரிக்கும் அதே வழிமுறைதான் இங்கே நேரந்தவறி ஓடுகிறது. கூடவே ஆஸ்ட்ரோசைட்டுகள் சுரக்கும் ஐஎல்-1, புதிய நரம்புசெல்கள் பிறப்பதை மட்டுப்படுத்துகிறது. ஐஎல்-1 ஏற்பியை அடைக்கும் அனாகின்ரா மருந்து கொடுத்த எலிகள், வழியை நினைவில் வைக்கும் சோதனைகளில் மேம்பட்டன. மூட்டழற்சிக்கு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்து இது. இந்தக் காலகட்டத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கடும்நோயின் முதல் நாட்களில் நாம் எப்போதும் தாமதமாகவே வருகிறோம். இணைப்புகள் கத்தரிக்கப்படும் வாரங்களிலோ நோயாளி நம் கண்முன்னால்தான் இருக்கிறார்.

ஹெர்பிஸில் இந்தப் பின்விளைவு வேறொரு வடிவம் எடுக்கிறது. சிதைந்த செல்களிலிருந்து வெளிப்பட்ட புரதங்களைக் கண்டு உடல் தன் நரம்பு ஏற்பிகளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம். ஸ்பெயினில் 51 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது 14 பேருக்கு மூன்று மாதத்துக்குள் தன்னெதிர்ப்பு மூளையழற்சி வந்தது. பலரிடம் என்எம்டிஏ என்ற இன்னொரு வகைக் குளூட்டமேட் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. சிறு குழந்தைகளிடம் இது கை கால்கள் நெளிந்தாடும் அசைவாகவும், பெரியவர்களிடம் மனநிலை, நடத்தை மாற்றமாகவும் தலைகாட்டும். வைரஸ் திரும்பிவிட்டதென்று எண்ணி அசைக்ளோவிரை மட்டும் மீண்டும் தொடங்கினால் நேரம் போய்விடும். முதுகுத்தண்டு நீரில் வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை ஹெர்பிஸ் இல்லையென்று காட்டினால் எதிர்ப்பொருள் சோதனை செய்து, ஸ்டீராய்டும், கொடையாளர் இரத்தத்திலிருந்து பெறும் எதிர்ப்பொருள் கலவையான இம்யூனோகுளோபுலினும் தரவேண்டும். முதல் வாரத்தில் பயன்தராத அதே வகை மருந்து, ஆறாம் வாரத்தில் நோயாளியை மீட்கிறது. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டு வீடு திரும்பும் குழந்தையின் பெற்றோரிடம், தூக்கம் கெடுதல், பேச்சு குறைதல், புதிய அசைவுகள், காரணமில்லாத ஆத்திரம் என எது தோன்றினாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே வரும்படி வெளியேற்றச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.